மும்பையிலிருந்து ஊருக்குப் பறப்பவர்களுக்கு: பெட்டிக் கட்டணமும் இணைப்பு விமானமும்

தாராவியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் வாழும் நம்மவர்களுக்கு ஊர்ப் பயணம் என்பது நெடுங்காலம் ரயில் பயணமாகவே இருந்தது. ஸ்லீப்பர் வகுப்பில் 40 கிலோ வரை சுமை இலவசம்; அதற்கு மேல் ஒரு மூட்டை கூடினாலும் தாதர் நிலையத்தில் யாரும் அதைத் தராசில் ஏற்றுவது அரிது. அந்தப் பழக்கத்தோடு மலிவுக் கட்டண விமானத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. திரையில் 4,500 ரூபாய் என்று பார்த்து எடுத்த டிக்கெட், கூடுதல் சுமைக்கும் இருக்கைக்கும் தவறிப்போன இணைப்பு விமானத்துக்கும் பணம் கட்டி முடிக்கும்போது இரண்டு மடங்கைத் தாண்டிவிடுவதை நான் பல குடும்பங்களில் பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. அந்த அனுபவத்தில், பணம் கட்டும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். என் சுமை மொத்தம் எத்தனை கிலோ? என் பயணம் முழுவதும் ஒரே பி.என்.ஆர். எண்ணில், அதாவது ஒரே டிக்கெட் பதிவு எண்ணில், இருக்கிறதா, இரண்டாகப் பிரிந்திருக்கிறதா?

எடையை வீட்டிலேயே அறிதல்

உள்நாட்டுப் பயணத்தில் இண்டிகோ, ஆகாசா, ஸ்பைஸ்ஜெட், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஆகிய நிறுவனங்களின் வழக்கமான கட்டணத்தில், கவுன்டரில் கொடுத்து அனுப்பும் 15 கிலோ பதிவுப் பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அடங்கும். ஆனால் எல்லாக் கட்டணங்களும் வழக்கமான கட்டணங்கள் அல்ல. பதிவுப் பெட்டி இல்லாமல் வருபவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்க 2021 பிப்ரவரியில், விமான நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. அனுமதி அளித்தது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் 'எக்ஸ்பிரஸ் லைட்' அந்த வகையைச் சேர்ந்தது. தேடல் பட்டியலில் முதலிடத்தில், மிகக் குறைந்த விலையில் தெரிவது பெரும்பாலும் இத்தகைய டிக்கெட்டாக இருக்கும். இரண்டு நாள் வேலையாகத் தோள்பையோடு போய்த் திரும்புபவருக்கு இது நல்ல வாய்ப்பு. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் குடும்பத்துக்கு இது பொருந்தாது. ஆகவே விலைக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் சுமை விவரத்தை, ஒவ்வொரு பயணிக்கும் ஒவ்வொரு பறப்புக்கும் தனித்தனியாகத் திறந்து படிக்க வேண்டும்.

கூடுதல் சுமைக்கு விமான நிலையக் கவுன்டரில் கிலோவுக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 2016-இல் டி.ஜி.சி.ஏ., 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரையிலான சுமைக்குக் கிலோவுக்கு 100 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2017-இல் அதை ரத்து செய்துவிட்டது. அதன் பிறகு இந்தக் கட்டணத்தை நிறுவனங்களே தீர்மானிக்கின்றன. கவுன்டரில் நிற்பவரிடம் வாதிட்டு இதைக் குறைக்க முடியாது, அவருக்கு அந்த அதிகாரமும் இல்லை. குறைக்கும் வழி முன்கூட்டியே வாங்குவதுதான். 3, 5, 10, 15 கிலோ என்று தொகுப்புகளாக இணையத்தில் விற்கப்படும் கூடுதல் சுமை, கவுன்டர் விலையைவிடக் குறைவாக இருக்கும். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புவரை அதை நிறுவனத்தின் செயலியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். இப்படி வாங்கியதைப் பயன்படுத்தாவிட்டால் பணம் பெரும்பாலும் திரும்பாது என்பதால், முதலில் பெட்டியைக் கட்டி, எடை பார்த்து, பிறகு வாங்குவதே முறை. பெட்டியின் கைப்பிடியில் மாட்டித் தூக்கிப் பார்க்கும் மின்னணுத் தூக்குத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரு கட்டடத்துக்கு ஒன்று இருந்தால் போதும். எங்கள் கட்டடத்தில் அது வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கிறது.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோரையும் ஒரே பி.என்.ஆரில் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒரே பி.என்.ஆரில் இருப்பவர்களின் எடையைப் பொதுவாகச் சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஒருவர் பெட்டி 18 கிலோவாகவும் இன்னொருவர் பெட்டி 12 கிலோவாகவும் இருந்தால் மொத்தம் 30 என்று ஏற்றுக்கொள்ளப்படும். ஒரு தள்ளுபடிக்காக இருவரும் தனித்தனியே டிக்கெட் எடுத்தால், அந்த மூன்று கிலோவுக்குக் கட்ட வேண்டிய தொகை தள்ளுபடியை விழுங்கிவிடும். எடை மட்டுமல்லாமல் எண்ணிக்கையும் கணக்கில் வரும். 15 கிலோவை ஒரே பெட்டியாகத்தான் ஏற்போம், இரண்டாவது உருப்படிக்குத் தனிக் கட்டணம் என்பது இண்டிகோ உள்ளிட்ட நிறுவனங்களின் விதி. 8 கிலோ பெட்டியோடு 6 கிலோ அட்டைப்பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறவர் எடையில் தேறியும் எண்ணிக்கையில் மாட்டிக்கொள்வார். மறுபக்கம், எத்தனை பேர் எடையைச் சேர்த்தாலும் ஒரு தனிப் பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, ஏனெனில் அதைத் தூக்கி ஏற்றுபவர்களின் உடல்நலத்துக்காக வைத்த எல்லை அது.

கைப்பைக்கும் அளவு உண்டு. இண்டிகோவில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ. தாண்டக் கூடாது. அதோடு 3 கிலோ வரை ஒரு சிறிய மடிக்கணினிப் பையோ பெண்களின் கைப்பையோ அனுமதிக்கப்படும். வேறு சில நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே 7 கிலோ என்கின்றன. சென்னையிலிருந்து தூத்துக்குடி போன்ற ஊர்களுக்கு ஓடும் ஏ.டி.ஆர். ரகச் சிறு விமானங்களில் தலைக்கு மேலுள்ள அறை குறுகலானது. பெரிய விமானத்தில் நுழைந்த டிராலிப் பெட்டி அங்கே நுழையாமல் போகலாம்.

நம் வீடுகளில் இந்தக் கணக்கைக் குலைப்பது உணவுப் பொருள்கள்தான். மிளகாய்ப் பொடி, எண்ணெய் மிதக்கும் ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் இவற்றைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்தப்படும் வாய்ப்பு மிகுதி. அந்த நேரத்தில் பதிவுப் பெட்டி உள்ளே போய்விட்டிருக்கும், மாமியார் இடித்துக் கொடுத்த பொடி குப்பைத்தொட்டிக்குப் போகும். தேங்காயும் அப்படியே. சபரிமலை செல்லும் ஐயப்ப பக்தர்களின் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் அனுமதிக்க 2024 அக்டோபரில் தனி ஆணை வேண்டியிருந்தது என்பதே, பொதுவிதி என்ன என்பதைக் காட்டுகிறது. ஆகவே இவை எல்லாம் பதிவுப் பெட்டியின் எடையில் வரும் என்று முதலிலேயே எண்ணிக்கொள்ள வேண்டும். இதற்கு நேர்மாறானது பவர் பேங்க்: அது கைப்பையில் மட்டுமே இருக்க வேண்டும், பதிவுப் பெட்டியில் வைத்தால் பெட்டியைத் திறக்க உங்களை அழைப்பார்கள். இணைப்பு விமானம் உள்ள நாளில் அந்த அழைப்பு இருபது நிமிடத்தைத் தின்றுவிடும்.

இருக்கைக் கட்டணத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கே உட்கார்ந்தாலும் சரி என்பவர்கள் கட்டணமில்லாத இருக்கை கிடைக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தானாக ஒதுக்கப்படும் இருக்கையை ஏற்றுக்கொள்ளலாம்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா

மும்பையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ நேரடி விமானம் கிடைத்துவிட்டால் இந்தப் பகுதியே தேவைப்படாது. ஆனால் தூத்துக்குடிக்குப் போக வேண்டியவர்கள், அல்லது நேரடி விமானத்தின் விலை கைக்கு எட்டாதவர்கள், சென்னையிலோ பெங்களூருவிலோ மாற வேண்டியிருக்கும். அங்கேதான் பி.என்.ஆர். கேள்வி வருகிறது.

பயணம் முழுவதும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், பெட்டி மும்பையில் வாங்கப்பட்டு இறுதி ஊரில்தான் கையில் கிடைக்கும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிவிட்டால், உங்களை அடுத்த விமானத்தில் கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுத்தால், இரண்டு நிறுவனங்களின் பார்வையிலும் நீங்கள் சென்னையில் பயணத்தை முடித்துக்கொண்ட ஒருவர், சென்னையில் பயணத்தைத் தொடங்கும் இன்னொருவர். முதல் நிறுவனம் சென்னையில் இறக்கியதோடு கடமை முடிந்தது என்று சொல்லிவிடும். இரண்டாவது நிறுவனம், நேரத்துக்கு வராத பயணி என்று டிக்கெட்டை ரத்து செய்யும். இரண்டு டிக்கெட்டும் ஒரே நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் இந்த நிலை பெரிதாக மாறுவதில்லை. பெட்டியைக் கடைசி ஊர்வரை அனுப்ப முடியுமா என்று கவுன்டரில் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. அதை நம்பி டிக்கெட் எடுப்பது தவறு.

இதை அனுபவித்தே கற்றேன். ஓர் ஆடி மாதத்தில் என் அத்தையைத் தூத்துக்குடிக்கு அனுப்ப, ஏறத்தாழ 1,800 ரூபாய் மிச்சமாகிறதே என்று இரண்டு தனி டிக்கெட்டுகள் எடுத்தேன். மழையால் மும்பையில் விமானம் ஒன்றரை மணி நேரம் தாமதமானது. அறுபத்தெட்டு வயதில், முழங்கால் வலியோடு, பெட்டியை இழுத்துக்கொண்டு அவர் சென்னைக் கவுன்டருக்குப் போனபோது அது மூடப்பட்டிருந்தது. அன்றிரவு சென்னையில் உறவினர் வீட்டில் தங்கி, மறுநாள் புது டிக்கெட்டில் போய்ச் சேர்ந்தார். பணத்தைவிட, அந்த ஒரு மணி நேரம் அவர் தனியாகப் பட்ட கலக்கம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. முதியவர்களுக்கும், கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும், திருமணத்துக்கோ துக்கத்துக்கோ அவசரமாகப் போகிறவர்களுக்கும் நான் இப்போது இரண்டு தனி டிக்கெட்டுகள் எடுப்பதே இல்லை.

பயண முகவர் தளங்களில் இன்னொரு கவனம் வேண்டும். அவை இரண்டு நிறுவனங்களின் விமானங்களை ஒட்டவைத்து, ஒரே பயணம்போல, ஒரே விலையாகக் காட்டும். பணம் கட்டுவதற்கு முன் "பெட்டியை மீண்டும் பதிவு செய்ய வேண்டும்" என்பது போன்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டிய பின் எத்தனை பி.என்.ஆர். வந்திருக்கிறது என்று எண்ணுங்கள். மும்பைக் கவுன்டரில் பெட்டியில் ஒட்டும் சீட்டில் உள்ள மூன்றெழுத்துக் குறியையும் அங்கேயே நின்று படித்துவிட வேண்டும். தூத்துக்குடிக்குப் போகும் பெட்டியில் டி.சி.ஆர். என்று இருக்க வேண்டும்; எம்.ஏ.ஏ. என்று மட்டும் இருந்தால் அது சென்னையில் இறங்கிவிடும், நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் இரண்டு தனி டிக்கெட்டுகள்தான் வழி என்றால், இடைவெளியை இப்படிக் கணக்கிடுங்கள். விமானம் தரையிறங்கி, நின்று, நீங்கள் வெளியே வர 15 நிமிடம். பெட்டிகள் அனைத்தும் 30 நிமிடத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம் 2024 பிப்ரவரியில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது; அதையே வைத்துக்கொண்டால் மொத்தம் 45 நிமிடம் ஆயிற்று. அடுத்த விமானத்தின் பெட்டிக் கவுன்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடப்படும். ஆக, டிக்கெட்டில் இரண்டு மணி நேர இடைவெளி என்று தெரிவது, எல்லாம் சரியாக நடந்தாலும் 15 நிமிடம்தான். அந்த 15 நிமிடத்தில் வெளியே வந்து, வாயிலில் அடையாளச் சீட்டைக் காட்டி மறுபடி உள்ளே நுழைந்து, வரிசையில் நிற்க வேண்டும். எனவே ஒரே டெர்மினலுக்குள் மாறுவதற்கு மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்கிறேன்; மழைக்காலத்தில் ஐந்து. கைப்பை மட்டும் இருந்து, இணையத்திலேயே போர்டிங் பாஸ் எடுத்துவிட்டவருக்கு இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும், ஏனெனில் அவர் 25 நிமிடம் முன் மூடும் விமான வாயிலைப் பிடித்தால் போதும்.

மும்பைக்கே உரிய சில கண்ணிகள்

மும்பையில் இறங்கி மாறுபவர்களுக்கு முதல் கண்ணி டெர்மினல். சாந்தாகுரூஸ் பக்கமுள்ள டி1-உம் சஹாரிலுள்ள டி2-உம் ஒரே விமான நிலையத்தின் பகுதிகள் என்றாலும், வாசல்கள் வேறு, சாலைகள் வேறு. ஒரே நிறுவனத்தின் உள்நாட்டு விமானங்களே இரண்டிலிருந்தும் புறப்படுகின்றன என்பதால், சென்ற முறை எங்கே ஏறினோம் என்ற நினைவை நம்பக் கூடாது. போர்டிங் பாஸில் உள்ளதைப் பார்க்க வேண்டும். மாலை நேரத்தில் மேற்கு விரைவுச் சாலையின் நெரிசலில் டாக்சி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் திறந்த நிலத்தடி மெட்ரோ 3-ஆம் தடத்தில் டி1, டி2 இரண்டுக்கும் நிலையங்கள் உள்ளன; நடுவே சஹார் சாலை நிலையம் ஒன்றுதான். சுமை குறைவாக இருந்தால் அதுவே நம்பகமான வழி.

இரண்டாவது கண்ணி புதியது. நவி மும்பை விமான நிலையம் 2025 டிசம்பர் 25 முதல் இயங்குகிறது. தேடல் பெட்டியில் 'மும்பை' என்று இட்டால் இரண்டு நிலையங்களும் கலந்து வரக்கூடும். பி.ஓ.எம். என்றால் பழைய நிலையம், என்.எம்.ஐ. என்றால் நவி மும்பை. பன்வேல், வாஷி பக்கம் வாழ்பவர்களுக்குப் புதிய நிலையம் பெரிய வசதி. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும் டிக்கெட்டை மட்டும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.

மூன்றாவது, ஓடுபாதை. பழைய நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தாலும் அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடிகிறது. ஆகவே காலையில் தொடங்கும் சிறு தாமதம் மாலைக்குள் அடுக்கடுக்காகப் பெருகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை அதைக் கூட்டும். இணைப்பு விமானம் உள்ள நாளில் முதல் விமானத்தை விடியற்காலையில் எடுப்பதன் காரணம் இதுதான்.

வளைகுடாவிலிருந்து மும்பை வழியாக ஊருக்குப் போகும் சகோதரர்களுக்கு ஒரு சொல். அங்கிருந்து வரும்போது 30 கிலோ அனுமதித்திருக்கலாம். மும்பையிலிருந்து ஊருக்கு எடுத்த தனி டிக்கெட்டில் 15 கிலோதான். மீதி 15 கிலோவுக்கு இங்கே கவுன்டரில் பணம் கட்டும்போது பலர் திகைத்து நிற்பதைப் பார்க்கிறோம். முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் பொதுவாக வெளிநாட்டுப் பயணத்தின் அளவே உள்நாட்டுப் பகுதிக்கும் பொருந்தும். ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் குடிநுழைவும் சுங்கமும் முதலில் இறங்கும் இந்திய நிலையத்தில்தான் என்பதால், பெரும்பாலும் மும்பையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு நான்கு மணி நேரமாவது வேண்டும்.

வெளிநாட்டில் இரண்டு தனி டிக்கெட்டுகளோடு மாறுபவர், பெட்டியை எடுக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும். நுழைய விசா வேண்டும். சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்கு நம் பாஸ்போர்ட்டில் விசா இல்லாமல் போனால், அங்கே போய் மாட்டிக்கொள்ள வேண்டியதே இல்லை, மும்பைக் கவுன்டரிலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

தவறு நடந்தபின்

விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு. இரண்டு மணி நேரத் தாமதத்திலேயே, குறுகிய தூர விமானங்களுக்குச் சிற்றுண்டி கேட்கலாம். பெட்டி வரவில்லை அல்லது உடைந்திருக்கிறது என்றால், அந்தக் கூடத்தை விட்டு வெளியேறாமல் நிறுவனத்தின் மேசையில் பி.ஐ.ஆர். எனப்படும் புகார்ச் சீட்டை எழுதி வாங்க வேண்டும். வெளியே வந்தபின் கேட்டால், பெட்டி உள்ளே நன்றாகத்தான் இருந்தது என்ற பதிலே கிடைக்கும். வெளிநாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கோர வேண்டும் என்று மாண்ட்ரியல் உடன்படிக்கை சொல்கிறது. உள்நாட்டில் பெட்டிக்கான இழப்பீட்டு உச்சவரம்பு ஒரு பயணிக்கு 20,000 ரூபாய் என்பதால், நகையையும் பட்டாவையும் மருந்தையும் பதிவுப் பெட்டியில் வைக்காதீர்கள். நிறுவனம் பதில் தராவிட்டால் அரசின் ஏர்சேவா தளத்தில் பி.ஐ.ஆர். எண்ணோடு புகார் பதியலாம்.

கடைசியாக, ஒரே பி.என்.ஆரில் இருக்கும் முதல் விமானத்தில் நீங்கள் ஏறாமல், வேறு வழியாகச் சென்னை போய் அங்கிருந்து இரண்டாவதில் ஏறலாம் என்று எண்ணாதீர்கள். முதல் பகுதிக்கு வராதவரின் மீதிப் பயணத்தை நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். திட்டம் மாறினால், முதல் விமானம் புறப்படும் முன்பே அழைத்துச் சொல்லி, இரண்டாவது பகுதியைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டுவிடுங்கள்.